காரோடு வரும் திரையா, ஹோல்டரில் மாட்டிய போனா?

பழைய கார் வைத்திருப்பவர் நம் காரில் திரை இல்லையே என்று யோசிக்கிறார். புதுக் கார் வாங்கப் போகிறவர், பெரிய திரை உள்ள மாடலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாமா என்று கணக்குப் போடுகிறார். திரை உள்ள காரையே ஓட்டுகிற பலரும் அதைச் சீண்டாமல் போனை ஹோல்டரில் செருகி மேப் போட்டுக்கொண்டு போகிறார்கள். மூன்று பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: ஓட்டும்போது வழி பார்க்க, பாட்டு மாற்ற, அழைப்பை எடுக்க எந்தத் திரையை நம்புவது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரின் திரையில் உங்கள் போனைக் கேபிள் வழியாக ஓட்ட முடிந்தால் அதுதான் முதல் தேர்வு. அந்த வசதி இல்லாத காரில், சரியான இடத்தில் ஆடாமல் மாட்டிய போன் தாராளமாகப் போதும், அதற்காகக் காரை மாற்ற வேண்டியதே இல்லை. கார் நிறுவனம் தானே போட்டுக் கொடுக்கிற மேப்பையும் மென்பொருளையும் மட்டும் நம்புவது கடைசி இடம். மின்சாரக் கார் மட்டும் இதற்கு விலக்கு. ஏன் இப்படி வரிசைப்படுத்துகிறேன் என்பதற்கு நிறையக் காரணங்கள் இருக்கின்றன, சிலவற்றை விளக்கமாகவே சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். "காரில் திரை இருக்கிறது" என்று சொல்லும்போது இரண்டு வேறு வேறு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறோம். ஒன்று, காரின் சொந்த மென்பொருள்: அதன் சொந்த மேப், சொந்த மெனு, சொந்தக் குரல் கட்டளை. இன்னொன்று, ஐபோனுக்கான ஆப்பிள் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு போனுக்கான ஆண்ட்ராய்டு ஆட்டோ வகை. கார்ப்ளே 2014 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமானது, ஆண்ட்ராய்டு ஆட்டோ அதே ஆண்டு அறிவிக்கப்பட்டு 2015-இல் கார்களுக்கு வந்தது. இவை இரண்டிலும் வேலை செய்வது போன்தான். வழி கணக்கிடுவது, பாட்டை இறக்குவது, நீங்கள் பேசுவதைப் புரிந்துகொள்வது எல்லாம் போனில் நடக்கிறது. அது வரைகிற படம் காரின் திரைக்குப் போகிறது, நீங்கள் திரையைத் தொடுவது திரும்பப் போனுக்கு வருகிறது. அதாவது கார் திரையும் ஸ்பீக்கரும் மைக்கும் தருகிறது, மூளை உங்கள் சட்டைப் பையிலிருந்து வருகிறது. ஆக நம் முன்னால் இருப்பவை இரண்டு வழிகள் இல்லை, மூன்று.

இந்த மூளை எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஒரு காரின் ஆயுளும் ஒரு கணினியின் ஆயுளும் ஒன்று கிடையாது. காரை பத்து, பதினைந்து வருடம் ஓட்டுகிறோம். அதன் திரைக்குப் பின்னால் இருக்கும் சிப்பை, கார் சந்தைக்கு வருவதற்குச் சில வருடங்கள் முன்பே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கடும் சூட்டையும் குளிரையும் அதிர்வையும் தாங்க வேண்டும் என்பதால் நிதானமாகச் சோதித்துத்தான் போடுகிறார்கள், அது நல்லதுதான். ஆனால் ஷோரூமில் புதிதாகப் பளபளக்கும்போதே அதன் மூளைக்கு வயதாகியிருக்கும். நடுவில் வருகிற மேப், ஆப், குரல் வசதி எல்லாம் ஒவ்வொரு வருடமும் கனமாகிக்கொண்டே போகும். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு பட்டனைத் தொட்டுவிட்டு, திரை பதில் சொல்லுமா என்று காத்திருக்கும் நிலைமை வருவது இதனால்தான்.

இது வெறும் எரிச்சலோடு நிற்காத சந்தர்ப்பமும் உண்டு. டெஸ்லா 2021 பிப்ரவரியில் சுமார் 1,35,000 பழைய மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் என்ஜினோ பிரேக்கோ இல்லை. திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி நினைவகச் சிப்பில் திரும்பத் திரும்ப எழுதி எழுதி அது தேய்ந்துபோனது, அதனால் திரை செத்தது, திரையோடு சேர்ந்து ரிவர்ஸ் கேமரா படமும், கண்ணாடிப் பனிமூட்டத்தை நீக்கும் கட்டுப்பாடும் போயின. போனில் இப்படி ஒரு சிப் போனால் போனை மாற்றிவிடலாம். காரில் அப்படி முடியாது.

இணைப்பு விஷயமும் இதே கதை. 2022-இல் அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 3ஜி சேவையை நிறுத்தியபோது, 3ஜி மோடம் வைத்துக் கட்டப்பட்ட பல கார்களில் இணைய வசதிகள் அப்படியே நின்றுபோயின. இயந்திரம் நன்றாக ஓடுகிறது, சக்கரம் சுழல்கிறது, ஆனால் காரின் மேப்புக்குப் போக்குவரத்து நெரிசல் தகவல் வருவதில்லை. அதே காரில் ஒரு போனை மாட்டினால், அந்தப் போன் எந்தத் தலைமுறை நெட்வொர்க்கோ அதில் எல்லாம் கிடைக்கிறது. அப்புறம் வணிக முடிவுகள் வேறு இருக்கின்றன. பிஎம்டபிள்யூ ஒரு காலத்தில் கார்ப்ளேவுக்கு வருடச் சந்தா கேட்டது, 2019 கடைசியில்தான் அதைக் கைவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் புதிய மின்சாரக் கார்களில் கார்ப்ளேவும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்காது என்று 2023-இல் அறிவித்தது. காரின் திரை யாருடையது, அதில் என்ன ஓடலாம் என்று முடிவு செய்வது நிறுவனம். ஹோல்டரில் இருக்கும் போனை யாரும் அப்படிப் பூட்ட முடியாது, இது அதன் பெரிய பலம்.

சரி, அப்படியானால் எல்லோரும் போனை மாட்டிக்கொண்டு போய்விடலாமே? அவ்வளவு சுலபமாக இல்லை, ஏனென்றால் இதில் கண் சம்பந்தப்பட்டிருக்கிறது.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடுகிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 55 மீட்டர் பார்க்காமலே ஓட்டியிருக்கிறீர்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-இல் காருக்குள் இருக்கும் கருவிகளுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் இந்தக் கணக்கை வைத்துத்தான் வரையறை சொல்கிறது: ஒரு பார்வை 2 விநாடியைத் தாண்டக் கூடாது, ஒரு வேலையை முடிக்க மொத்தமாக 12 விநாடிக்கு மேல் கண் சாலையை விட்டு விலகக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படியுங்கள். யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ-வின் பாதுகாப்பு அறக்கட்டளைக்காக 2017-இல் செய்த ஆய்வில், கார்களின் சொந்தத் திரையில் ஒரு முகவரியைப் போட்டு வழி கேட்பதற்குச் சராசரியாக 40 விநாடி ஓட்டுநரின் கவனம் போனது. அடுத்த வருடம் அவர்களே கார்களின் சொந்த மென்பொருளையும், அதே கார்களில் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோவையும் ஒப்பிட்டார்கள். வழி போடும் வேலை போன் வழியாகச் செய்யும்போது சராசரியாக 15 விநாடி முன்னதாக முடிந்தது, அழைப்பு போடுவது 5 விநாடி முன்னதாக முடிந்தது. தினமும் கையில் வைத்துப் பழகிய மெனு, முன்பே தேடிய இடங்கள், ஒழுங்காகப் புரிந்துகொள்ளும் குரல் வசதி இவையெல்லாம் சேர்ந்து இந்த வித்தியாசத்தைத் தருகின்றன என்றே நினைக்கிறேன். நான் முதல் தேர்வாகச் சொன்னது இதனால்தான்.

ஆனால் முதல் தேர்வு என்பதற்காக அது பாதுகாப்பானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக 2020-இல் சிமுலேட்டரில் செய்த ஆய்வில், கார்ப்ளேவைத் தொட்டு இயக்கியவர்கள் எதிர்வினை காட்ட 57 சதவீதம் அதிக நேரம் எடுத்தார்கள், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 சதவீதம். குரலால் இயக்கியபோது முறையே 36, 30 சதவீதம். போனைக் கையில் பிடித்துப் பேசியபடி ஓட்டுவதற்கான எண் 46. இந்த வரிசையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கையில் போனைப் பிடித்துப் பேசுபவரைப் பார்த்தால் நமக்குக் கோபம் வருகிறது, நாமோ அதைவிட அதிகமாகக் கவனத்தைத் தின்னும் ஒரு வேலையை, காரோடு வந்த திரைதானே என்ற தைரியத்தில் செய்கிறோம். திரை காரில் பதித்திருப்பதால் மட்டும் அதைத் தொடுவது ஓட்டுவதன் ஒரு பகுதி ஆகிவிடாது.

போனை ஹோல்டரில் வைப்பதற்கு இங்கே ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் உண்டு. நல்லது, இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பல கார்களில் திரை கியருக்குச் சற்று மேலே, தாழ்வாக இருக்கும். அதைப் பார்க்கக் கண்ணை மட்டும் இல்லாமல் தலையையும் குனிய வேண்டியிருக்கும். போனை டேஷ்போர்டின் மேல் விளிம்புக்கு அருகில் வைத்தால், அடுத்த திருப்பம் எங்கே என்று ஓர் ஓரப் பார்வையில் தெரிந்துவிடும், சாலையும் பார்வையின் ஓரத்தில் இருந்துகொண்டே இருக்கும். வழி பார்க்க மட்டும் என்றால், உயரத்தில் வைத்த ஆறரை அங்குல போன், தாழ்வாகப் பதித்த பத்து அங்குலத் திரையைவிட மேல் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கெட்டது என்னவென்றால், ஹோல்டரில் இருப்பது முழு போன். கார்ப்ளேவோ ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஓடும்போது, குறைந்த ஆப்கள்தான் தெரியும், பட்டன்கள் பெரிதாக இருக்கும், செய்தி வந்தால் வாய்விட்டுப் படித்துக் காட்டும், கார் ஓடிக்கொண்டிருக்கும்போது வீடியோ ஓடாது. ஹோல்டரில் இருக்கும் போனில் இந்த வேலி எதுவும் இல்லை. குழுவில் யாரோ அனுப்பிய படம் மேப்பின் மேலேயே வந்து விழும், அதைத் தள்ளிவிட விரல் போகும், விரல் போன இடத்தில் கண்ணும் போகும். முன்பு ஆண்ட்ராய்டு ஆட்டோவைப் போன் திரையிலேயே ஓட்டும் ஒரு ஆப் இருந்தது, பெரிய பட்டன்கள், குறைந்த கவனச்சிதறல். அதை 2022-இல் நிறுத்திவிட்டார்கள். திரை இல்லாத பழைய கார்களை ஓட்டுகிறவர்கள் ஏராளம், அவர்களுக்குத்தான் அது மிகவும் தேவைப்பட்டது, அவர்களிடமிருந்தே அதைப் பறித்தது எனக்கு இன்றுவரை நியாயமாகப் படவில்லை.

ஆகவே போனை மாட்டுபவர் அந்த வேலியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். ஐபோனில் ஓட்டும்போது தொந்தரவு செய்யாதே என்ற வசதி 2017 முதல் இருக்கிறது, ஆண்ட்ராய்டு போன்களிலும் அதே போன்ற அமைப்பு உண்டு; காரின் ப்ளூடூத்தோடு இணைந்ததும் தானாகவே இயங்கும்படி ஒரு முறை அமைத்துவிட்டால் போதும். போகும் இடத்தை வண்டி நகரும் முன்பே போட்டுவிடுங்கள். பாட்டுப் பட்டியலையும் அப்போதே ஓட விட்டுவிடுங்கள். நடுவழியில் மாற்ற வேண்டியிருந்தால் குரலில் சொல்லுங்கள், குரல் புரியவில்லை என்றால் ஓரமாக நிறுத்துங்கள். இதைச் செய்கிற மனநிலை உங்களுக்கு உண்டா இல்லையா என்பதை நேர்மையாக யோசித்துப் பார்த்தால், உங்களுக்கு ஹோல்டர் ஒத்துவருமா என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

இனி ஹோல்டர். இதில் பலரும் கையில் கிடைத்ததை வாங்கி ஒட்டிவிடுகிறார்கள், பிறகு போன் கீழே விழுகிறது, சூடாகிறது, வேலைக்கு ஆகாது என்று முடிவு கட்டுகிறார்கள். கொஞ்சம் யோசித்து வாங்கினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வராது.

முதல் எதிரி சூடு. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். வெயிலில் முன்கண்ணாடியை ஒட்டி நிற்கும் போன் அந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும், அதிலும் அது முழு வெளிச்சத்தில் மேப் காட்டிக்கொண்டு, ஜிபிஎஸ் ஓட்டிக்கொண்டு, அதே நேரம் சார்ஜும் ஏறிக்கொண்டிருக்கும். முதலில் திரை மங்கும், அடுத்து சார்ஜ் ஏறுவது நிற்கும், கடைசியில் குளிரும்வரை வேலை செய்ய மாட்டேன் என்று நின்றுவிடும், அதுவும் தெரியாத ஊரில் மேம்பாலத்துக்குக் கீழே எந்தப் பக்கம் திரும்புவது என்று பார்க்கும் நேரத்தில். திரும்பத் திரும்ப இப்படிச் சூடானால் பேட்டரியின் ஆயுளும் குறையும். வயர்லெஸ் சார்ஜர் உள்ள ஹோல்டர் பார்க்க அழகாக இருந்தாலும் வீணாகும் மின்சாரம் எல்லாம் சூடாகத்தான் போனுக்குள் போகிறது, அதனால் வெயில் அதிகமான இடத்தில் கேபிள் சார்ஜிங்கே மேல். காரின் சொந்தத் திரை இந்த விஷயத்தில் தெளிவாக ஜெயிக்கிறது, அது அந்தச் சூட்டைத் தாங்குவதற்காகவே செய்யப்பட்டது.

ஏசி வென்ட்டில் செருகும் ஹோல்டர் குளிர்ந்த காற்றில் போனை நன்றாக வைத்திருக்கும். ஹீட்டர் போட்டால் அதே இடம் அடுப்பாகிவிடும். கனமான போனாக இருந்தால் வென்ட்டின் மெல்லிய தகடுகள் வளைந்து உடைவதும் உண்டு, அவற்றைத் தனியாக மாற்றுவது பெரிய வேலை. கண்ணாடியில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சக்‌ஷன் கப் வகை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பது வசதி, ஆனால் வெயிலில் ரப்பர் இளகிப் பிடி விடும், அப்போது அது விழுவது உங்கள் காலடியில், பிரேக் பெடலுக்குப் பக்கத்தில். கப் ஹோல்டரில் வைக்கும் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், பார்வை மிகவும் கீழே போகிறது. டேஷ்போர்டில் பசையால் ஒட்டும் காந்த வகை உறுதியாக நிற்கும். போன் உறைக்குள் இரும்புத் தகடு வைக்கும் பழைய மாதிரி என்றால் அந்தத் தகடு வயர்லெஸ் சார்ஜிங்கைக் கெடுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மோட்டார் சைக்கிளில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெரிய என்ஜின்களின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது, அதிர்வைக் குறைக்கும் துண்டு இல்லாமல் நேரடியாக மாட்டாதீர்கள்.

எங்கே மாட்டுவது என்பதில் ஏர்பேக்கை மறக்கவே கூடாது. மோதல் நடந்தால் அது கண் இமைப்பதற்குள் விரிந்து முடிந்துவிடும், அதன் வழியில் எது இருந்தாலும் உங்கள் முகத்தை நோக்கி எறியப்படும். ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி, பக்கத்து இருக்கைக்கு முன்னால் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் மூடி, அதைச் சுற்றிய இடம் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கண்ணாடியின் இரு பக்கத் தூண்களிலும் பல கார்களில் ஏர்பேக் இருக்கிறது, அங்கேயும் வேண்டாம். முன்கண்ணாடியில் ஒட்டுவதற்கு இடத்துக்கு இடம் சட்டம் வேறு. கலிஃபோர்னியாவில், ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் 5 அங்குலச் சதுரத்துக்குள், அல்லது எதிர்ப் பக்கக் கீழ் மூலையில் 7 அங்குலச் சதுரத்துக்குள் என்று அளவு போட்டே சொல்லியிருக்கிறார்கள். பிரிட்டனில் 2022 மார்ச் முதல் ஓட்டும்போது போனைக் கையில் எடுத்து ஏறக்குறைய எதைச் செய்தாலும் குற்றம், பாட்டை மாற்றினால்கூட. உங்கள் ஊர் விதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சார்ஜரையும் பாருங்கள். பழைய காரில் இருக்கும் சிறிய யூஎஸ்பி துளை பெரும்பாலும் மிகக் குறைந்த மின்சாரமே தரும், மேப் ஓடும்போது சார்ஜில் போட்டிருந்தும் சதவீதம் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். லைட்டர் சாக்கெட்டில் செருகும் 20 வாட் அளவிலான சார்ஜர் ஒன்று இந்தக் கவலையைத் தீர்த்துவிடும்.

மற்ற சில வித்தியாசங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுரங்கப்பாதையில் ஜிபிஎஸ் கிடைக்காத இடத்திலும் காரின் சொந்த நேவிகேஷன் சக்கரச் சுழற்சியையும் திருப்பத்தையும் கணக்கில் வைத்து நிலையை ஊகித்துக்கொண்டே போகும், ஹோல்டரில் இருக்கும் போன் அங்கே தடுமாறும். பேசும்போது காரின் மைக் ஓட்டுநரின் வாயை நோக்கி வைக்கப்பட்டிருப்பதால் எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கும். ஆனால் இதற்குத் திரை வேண்டாம், ப்ளூடூத் உள்ள சாதாரண ஸ்டீரியோவே போதும், போன் ஹோல்டரிலும் ஒலி காரிலும் என்று வைத்துக்கொள்ளலாம். கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு வெயில் கண்ணாடி போட்டு ஓட்டுபவர்கள், வாங்கும் முன் அதை அணிந்துகொண்டே திரையைப் பார்த்துச் சோதிக்க வேண்டும், சில திரைகள் அதில் கறுப்பாகத் தெரியும். போனைப் படுக்க வைத்துச் சமாளிக்கலாம், காரின் திரையைத் திருப்ப முடியாது.

பட்டன்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது, ஏனென்றால் திரை பெரிதாகப் பெரிதாக அவை காணாமல் போகின்றன. சுவீடனின் வி பிலேகாரே என்ற கார் இதழ் 2022-இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பநிலை மாற்றுவது, ரேடியோவை ஒரு நிலையத்துக்கு வைப்பது போன்ற நான்கு வேலைகளைச் செய்ய வேண்டும். பட்டன்கள் நிறைந்த 2005 வோல்வோ வி70-இல் எல்லாம் 10 விநாடியில் முடிந்தது, கார் ஓடிய தூரம் 306 மீட்டர். மோசமான புதிய காரில் அதே வேலைக்கு 44.9 விநாடி, 1,372 மீட்டர். ஓட்டுநர்களுக்குத் திரையைப் பழகிக்கொள்ள முன்பே நேரம் கொடுத்திருந்தார்கள், அப்படியும் இந்த நிலை. பதினேழு வருடப் பழைய கார் புதியதை இப்படி வென்றது என்றால், பழைய கார் ஓட்டுபவர் எதையும் இழந்துவிடவில்லை. பட்டன்கள் கையில் இருக்கின்றன, மேப் போனில் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தால் உண்மையிலேயே நல்ல அமைப்பு. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பிடும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று விதியை மாற்றியதும் இந்தக் கவலையால்தான். ஏசி அந்தப் பட்டியலில் இல்லை. அதை நீங்கள்தான் பார்த்து வாங்க வேண்டும்.

மின்சாரக் காரை விலக்கு என்று முன்பே சொன்னேன். அதில் காரின் சொந்த மேப்புக்கு ஒரு வேலை இருக்கிறது, ஹோல்டரில் இருக்கும் போனால் அதைச் செய்ய முடிவதில்லை: பேட்டரியில் எவ்வளவு மிச்சம், இந்த ஏற்றத்தில் எவ்வளவு செலவாகும், எந்தச் சார்ஜிங் நிலையத்தில் நிற்க வேண்டும் என்று காரின் உண்மையான நிலையை வைத்துக் கணக்கிடுவது. அதோடு, பல கார்களில் வேகச் சார்ஜரை அந்த மேப்பில் இலக்காகப் போட்டால்தான் போய்ச் சேரும் முன் பேட்டரியைத் தகுந்த வெப்பநிலைக்குக் கொண்டுவரும் வேலை தானாகத் தொடங்கும். குளிர் காலத்தில் சார்ஜ் ஏறும் நேரத்தில் இது பெரிய வித்தியாசம். நீண்ட தூரம் போகிற மின்சாரக் கார்க்காரர்கள் சொந்த மேப்பையும் போன் வசதியையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பழைய ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் கார்ப்ளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள திரையைப் பொருத்தும் வழியும் உண்டு. இரட்டை டின் அளவு, அதாவது ஏறக்குறைய 180 க்கு 100 மில்லிமீட்டர் துளை இருந்தால் வேலை சுலபம். நல்ல பெயருள்ள நிறுவனத்தின் பொருளாகவும், வயரை வெட்டாமல் கனெக்டர் வழியாக இணைக்கிறவராகவும் பாருங்கள். ஏசி கட்டுப்பாடும் ஸ்டீரியோவும் ஒரே பலகையில் கலந்திருக்கும் கார்களில் இதற்குப் போகாதீர்கள். டேஷ்போர்டின் மேல் தனியாக நிற்கும் சிறு கார்ப்ளே திரைகளும் வருகின்றன, போனைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதால் சூட்டுப் பிரச்சினை தீரும், ஆனால் ஹோல்டருக்குச் சொன்ன ஏர்பேக் விஷயங்கள் எல்லாம் இதற்கும் பொருந்தும்.

அந்தரங்கத் தகவல் பற்றி ஒன்று. மொசில்லா அறக்கட்டளை 2023-இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்து, ஒன்றுகூடத் தேறவில்லை என்று சொன்னது. போனும் தகவல் சேகரிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் போனில் எந்த ஆப்புக்கு எந்த அனுமதி என்று நாம் போய் மாற்றலாம், காரில் அந்த மெனுவைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். வாடகைக் காரில் ப்ளூடூத் இணைக்கும்போது தொடர்புகளைப் பகிரவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சொந்தக் காரை விற்கும்போது திரையைத் தொழிற்சாலை நிலைக்கு மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுங்கள். வீட்டு முகவரி, அடிக்கடி போன இடங்கள், எல்லோருடைய எண்களும் அதில் கிடக்கும்.

புதுக் கார் பார்க்கப் போகிறவர்கள் போனையும், தரவு போகக்கூடிய நல்ல கேபிள் ஒன்றையும் கையோடு எடுத்துப் போங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளில் இணைப்பே வராது. வயர்லெஸ் இணைப்பு இருந்தாலும் கேபிளிலும் போட்டுப் பாருங்கள். வயர்லெஸ் போனைச் சூடாக்கும், சில இடங்களில் அறுந்து அறுந்து வரும், நான் அதனால் கேபிளில்தான் ஓட்டுகிறேன். இணைப்பு வர எத்தனை நேரம் ஆகிறது, போன் திரை இணைந்திருக்கும்போது ஏசியை மாற்ற எத்தனை முறை தொட வேண்டியிருக்கிறது, வால்யூமுக்குத் திருகும் குமிழ் இருக்கிறதா, ரிவர்ஸ் போட்டதும் கேமரா உடனே வருகிறதா என்று பாருங்கள். விற்பனையாளர் திரையின் அங்குலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், பேசட்டும். இரவில் அதன் வெளிச்சத்தை எவ்வளவு குறைக்க முடியும் என்று கேளுங்கள், சில திரைகள் மிகக் குறைந்த நிலையிலும் முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும்.

இருக்கிற காரிலேயே ஹோல்டர் வைக்கப் போகிறவர்கள், ஒட்டுவதற்கு முன் ஓட்டும் நிலையில் உட்கார்ந்து வேறு யாரையாவது போனை வெவ்வேறு இடத்தில் பிடிக்கச் சொல்லிப் பாருங்கள். தலை அசையாமல் கண் மட்டும் நகர்ந்து படிக்க முடிகிற, சாலையில் எதையும் மறைக்காத, முதுகு இருக்கையில் சாய்ந்தபடியே விரல் எட்டுகிற இடம்தான் சரியான இடம். ஒட்டிய பிறகு கேபிள் ஸ்டீயரிங்கிலோ கியரிலோ சிக்காமல் ஓரமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, முதல் ஓட்டத்தை மேடுபள்ளம் உள்ள, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.